பழுப்புப் புள்ளி எல்லாம் நோய் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா நெல்லில் வரும் நோய்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். குலைநோய், இலையுறைக் கருகல் எல்லாம் விவரமாகவே இருந்தன. துத்தநாகக் குறைவைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. 'ஜிங்க் குறைபாடு' என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் புரியும்.

போன வருஷம் நட்ட மூன்றாவது வாரம் என் வயல் திட்டுத் திட்டாகக் குன்றியது. அடி இலைகளில் துரு ஏறிய மாதிரிப் புள்ளிகள். இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். பார்த்தவுடன் 'பூஞ்சாணம்' என்று ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் பலன் இல்லை. அப்புறம் பக்கத்து வயல்காரர் வந்து குருத்து இலையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். நடுநரம்பு வெளுத்துக் கிடந்தது. லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், 10 கிராம் யூரியா கரைத்துத் தெளித்தேன். புது இலை பச்சையாக வந்தது. ஆனால் தூர் கட்டுவது, அதாவது அடியிலிருந்து பக்கக் குருத்து வெடிப்பது, தள்ளிப்போனதால் கதிர் ஒரு சீராக முற்றவில்லை.

ஏமாந்தது நான் மட்டுமில்லை. வட இந்தியாவில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் 'கைரா' என்ற நெல் நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்பவர் கண்டு சொன்னது 1966இல்தான். அவரே பயிர்நோய் அறிஞர்!

மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் தண்ணீர் கட்டிய வயலிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வேருக்கு எட்டாமல் போய்விடுகிறது. மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம். டிஏபியையும் ஜிங்க் சல்பேட்டையும் ஒரே கூடையில் கலந்து வீசியவன் நான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து, வயலைச் சமன்படுத்திய பிறகு, நடவுக்குச் சற்று முன்னால் தூவினால் போதும். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலுக்கு அதில் பாதி.

பழுப்புப்புள்ளி நோய் வந்த இலையையும் ஜிங்க் குறைந்த இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வண்ணப்படம் போடுங்கள். மண்வள அட்டையை எப்படிப் படிப்பது என்றும் எழுதுங்கள். அதில் வரும் 12 அளவுகளில் துத்தநாகமும் ஒன்று. அறுவடை முடிந்து பீரோவைத் துழாவி என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். துத்தநாகத்துக்கு நேரே 'குறைவு' என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம்