சமணம் அப்பரோடு முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான சமண சமய வரலாற்றுக் கட்டுரை, மகாவீரர் காலம் முதல் திகம்பர, சுவேதாம்பரப் பிரிவு வரை செம்மையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் தமிழகத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஏழாம் நூற்றாண்டில் அப்பர் எனப்படும் நாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்பியதோடு இங்கே சமணம் மறைந்தது என்று ஒரே வரியில் முடித்திருப்பதைக் கடலூர்க்காரனாகிய என்னால் ஏற்க இயலவில்லை.

நாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயரில் தலைமை வகித்த பள்ளி, அதாவது சமணத் துறவியர் மடம், இருந்த பாடலிபுத்திரம், எங்கள் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலரின் முடிபு. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, சர்வநந்தி என்னும் சமண முனிவர் உலக அமைப்பை விளக்கும் 'லோகவிபாகம்' என்ற நூலை இங்கேதான் பிராகிருதத்தில் இயற்றினார். மூலம் கிடைக்கவில்லை, சிம்மசூரியின் வடமொழி வடிவமே எஞ்சியுள்ளது. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் மூலநூல் முற்றுப்பெற்றதாக அது தெரிவிக்கிறது. முற்காலப் பல்லவரின் கால வரிசையைக் கணிக்க ஆய்வாளர்களுக்குக் கிடைத்த முதன்மையான பிடிமானங்களுள் இக்குறிப்பும் ஒன்று. இடமதிப்பு முறையில், பூச்சியம் உட்பட, எண்களைச் சொற்களால் குறிக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகவும் கணித வரலாற்றாசிரியர்கள் இதைச் சுட்டுவர். சித்திரை அனுஷத்தில் அப்பர் கரையேறிய விழாவுக்குத் திரளும் எங்கள் ஊராருள் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும்?

பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் சிவன் கோயிலைப் பல்லவ மன்னன் எடுப்பித்தான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அந்நூல் எழுந்ததோ ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 12ஆம் நூற்றாண்டில். சமணம் இங்கே செல்வாக்கிழந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகரில் செல்வாக்கிழந்ததை ஒரு நாட்டிலேயே மறைந்ததாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

அப்பருக்குப் பின்னரே திருத்தக்கதேவர் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பாடினார். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் போளூரை அடுத்த திருமலையில் ஜினாலயம் என்னும் சமணக் கோயில் எழுந்தது. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் என்னும் சமணக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இன்றும் நம் பிள்ளைகள் படிக்கும் நன்னூலைப் சமணரான பவணந்தி முனிவர் சிற்றரசன் சீயகங்கன் ஆதரவில் இயற்றியது மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில்தான். மறைந்துபோன சமயம் இத்தனையும் செய்ததென்றால் வியப்புதான்! 1887இல் உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஐயங்களைத் தீர்த்துவைத்தவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களே.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறையில் சமணர் போற்றும் அருகர்களான இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதையும், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டையும் யாரும் சென்று காணலாம். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்குகிறது. திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் நயினார்கள் எனப்படும் தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாகப் பயிர்த்தொழில் செய்து வாழ்கின்றனர். புதுச்சேரியிலும் கடலூரிலும் சமணர் என்றாலே வடக்கிலிருந்து வந்த வணிகர் என்று எண்ணிவிடுகிறோம். அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்குள்ள இத்தமிழ்க் குடும்பங்கள் நம் கண்ணில் படுவதில்லை.

அடுத்து வரும் இதழ்களில் மேல்சித்தாமூர், திருநறுங்கொண்டை பற்றித் தனிக்கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் லோகவிபாகம் பற்றிய அறிவிப்புப் பலகை ஒன்றை நிறுவ, தொல்லியல் துறையும் மாவட்ட நிருவாகமும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.