அது ரெசின் அல்ல, கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைச் சந்தை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் இருக்கும் மரக் கிண்ணம் நான் கடைந்தது. படம் போட்டதற்கு நன்றி. ஆனால் படத்தின் கீழே 'வண்ண ரெசின் ஊற்றிய கிண்ணம்' என்று இருக்கிறது. ரெசின் என்பது ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின், நான் பதித்தது கல். கட்டுரைக்குள்ளே, 'லேத்தில் மாட்டினால் அரை மணி நேரத்தில் முடியும் வேலையைக் கைவினை வரிசையில் வைக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது' என்று ஒரு வரி. யாருக்கு எழுந்தது என்று எழுதவில்லை. உங்கள் நிருபர் என் கடை முன்னால் நின்றார், படம் எடுத்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உட்கார வைத்துச் சொல்லியிருப்பேன்.

அந்தக் கிண்ணம் சீமைக் கருவேலத்தில் கடைந்தது. பச்சை மரத்தை முதலில் கனமாகக் கடைந்து வைக்க வேண்டும். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் ஒரு அங்குலம் இருக்கும். அது நிழலில் மாதக்கணக்கில் காயும். காயும்போது கோணும், சில இடத்தில் பிளக்கும். பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டத்துக்குக் கொண்டுவருவோம். பிளந்த இடத்தில்தான் கல் வேலை. கல்லை இடித்துச் சலித்து, பெரிய துணுக்கை முதலில் அடைத்து, சந்துகளில் பொடியைத் தூவி, நீர்க்க ஓடும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இறுகியதும் மறுபடி பொடி, மறுபடி பசை.

கஷ்டம் அப்புறம்தான். மரமும் கல்லும் ஒரே வேகத்தில் தேயாது. உப்புத்தாளைச் சும்மா கையில் பிடித்துத் தேய்த்தால் மரம் குழிந்து கல் மேடாக நின்றுவிடும். தாளுக்குப் பின்னால் கட்டை வைத்து, கைக்குக் கை அழுத்தத்தை மாற்றித் தேய்க்க வேண்டும். கல்லுக்குக் கல் குணமும் வேறு. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில், மாலகைட் என்ற பச்சைக் கல் 3.5 முதல் 4 வரை, டர்க்வாய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் 5 முதல் 6 வரை. இரண்டும் உளிக்கு ஓரளவு வழிவிடும். பளிங்குக் கல் (மார்பிள் அல்ல, குவார்ட்ஸ்) 7. அதில் உளி வைத்தால் மழுங்குவது உளிதான். வைரத்தூள் போன்ற கடினமான தூள் ஒட்டிய தாள் இல்லாமல் அதைத் தொட முடியாது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும், வந்தால் குணமாகாது. வெயில் காலத்திலும் முகமூடியைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறோம். இதில் எது லேத் தானாகச் செய்த வேலை? லேத் மரத்தைச் சுற்றுகிறது, அவ்வளவுதான். உளி என் கையில் இருக்கிறது.

கர்நாடகத்தில் இருக்கும் சென்னபட்டணத்து மரப்பொம்மை புவிசார் குறியீடு பெற்றது உங்களுக்குத் தெரியாததில்லை. அங்கேயும் பட்டறைகளில் மின்சார லேத்தான் ஓடுகிறது. சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே சாயம் ஏற்றி, தாழை மடலால் மெருகு போடுகிறார்கள். அதைக் கைவினை என்று நாடே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். மோட்டார் வைத்த சக்கரத்தில் பானை வனைகிறவரிடமும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நான் கடைசல் பிடிக்கக் கற்றது அம்பாசமுத்திரத்தில், சொப்புச் சாமான் செய்த ஒரு பெரியவரிடம். அவர் விரல்களைப் பார்த்தவர்கள் இப்படி ஒரு வரி எழுத மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வருகிறது. முன்பு ஒரு கண்காட்சியில் இடம் கேட்டேன். மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் கைவினைப் பிரிவில் சேராது என்றார்கள். கலைப் பிரிவில் கேட்டால், கிண்ணம் புழங்கும் பொருள், கலை ஆகாது என்றார்கள். கடைசியில் வீட்டு உபயோகப் பொருட்கள் பக்கம் ஒரு மூலை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்து, 'கல்லா, பெயிண்டா?' என்று கேட்டு, வாளி விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லித்தர வேண்டிய பத்திரிகையே ரெசின் என்று எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

சீமைக் கருவேலத்தைப் பற்றி உங்கள் இதழிலேயே முன்பு ஒரு கட்டுரை வந்தது. விறகுக்கும் கரிக்கும் தவிர எதற்கும் உதவாத மரம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றே ஒரு கடிதம் போட்டேன், அது வரவில்லை. இந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அகற்றுங்கள், குளமும் கண்மாயும் பிழைக்கட்டும். ஆனால் வெட்டியதில் நல்ல அடிமரத்தையும் ராமநாதபுரத்துக் கரிமூட்டத்தில்தான் போட வேண்டுமா? அமெரிக்காவின் அரிசோனாவில் இதற்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தைக் கடைந்து, பிளவுகளில் டர்க்வாய்ஸ் கல்லைப் பதிக்கிறார்கள். கல்லும் அந்த மாநிலத்துச் சுரங்கங்களிலேயே கிடைக்கிறது. காயும்போது கொஞ்சம் கோணினாலும், இந்த மரம் மற்ற மரங்களைப் போல ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்குவதில்லை. அதனால்தான் பதித்த கல் பெயர்ந்து வராமல் நிற்கிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் நான் ஊர் மரத்தில் செய்து பார்க்க ஆரம்பித்தேன்.

கல்லுக்கும் நமக்கும் பஞ்சமில்லை. காங்கேயம் சுற்று வட்டாரத்தில் பளிங்கும் நிலாக்கல்லும் கிடைக்கின்றன. படியூரின் பெரில் கல்லையும், நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டி எடுத்த பழங்காலக் கல்மணிகளையும் பற்றி நீங்களே பெருமையாக எழுதியவர்கள். அந்த மணிகளைத் துளையிட்டவர்களைப் புகழ்ந்தீர்கள், மகிழ்ச்சி. அதே வட்டாரத்தில் இன்றும் கல் தீட்டி வயிறு கழுவுகிறவர்களை ஒருவராவது வந்து பார்த்ததுண்டா?

உங்கள் படத்தில் இருக்கும் பச்சைக் கோடு நான் வரைந்ததல்ல. மரம் பிளந்த வழி அது. காய்ந்த மரத்தைக் கையில் எடுத்தபோது எனக்கு நொய்யலின் வளைவு தெரிந்தது. சாயக்கழிவு கலப்பதற்கு முன் அந்த ஆற்றில் குளித்ததை என் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டவன் நான். அதனால்தான் பளிங்கை வைக்காமல், விலை கூடினாலும் ஜெய்ப்பூரிலிருந்து மாலகைட் வரவழைத்து அடைத்தேன். அதைப் பார்த்து ரெசின் என்கிறீர்கள். எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: 'மரம் சீமைக் கருவேலம், பதித்தது மாலகைட் கல்.' என் பெயர் வேண்டாம். அந்த நிருபரை ஒரு நாள் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள். காலையில் வந்தால் நல்லது, மதியம் எங்கள் பக்கம் மின்சாரம் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காங்கேயம்