ஹங்கேரி செஸ் வரலாற்றில் ஜூலா ப்ரெயருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் நம் நாடு ஓபன் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கம் வென்றதை நினைவுகூர்ந்து, ஹங்கேரியின் செஸ் பாரம்பரியம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரோட்சி, போர்டிஷ், போல்கர் சகோதரிகள் என்று வரிசையாக நல்ல அறிமுகம். படங்களும் அருமை. ஆனால் ஜூலா ப்ரெயர் என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. அவரை விட்டுவிட்டு ஹங்கேரி செஸ்ஸைப் பற்றி எழுதியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். மாலை நேரத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் வாயில் ‘ப்ரெயர்’ என்ற பெயர் அடிக்கடி வரும். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஏதோ ஓபனிங்கின், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையின், பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் புடாபெஸ்ட்டில் 1893இல் பிறந்தவர். 1912இல், பத்தொன்பது வயதில், டெமெஷ்வார் நகரில் நடந்த போட்டியில் வென்று ஹங்கேரியின் தேசிய சாம்பியன் ஆனார். அந்த ஊர் இன்று ருமேனியாவில் டிமிஷோரா என்ற பெயரில் இருக்கிறது. 1914 ஜூலையில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெரிய சர்வதேசப் போட்டி தொடங்கியது. அலெகைன், விட்மர், ஸ்பீல்மன், அமெரிக்காவின் மார்ஷல் எல்லாரும் ஆடினார்கள். போட்டி முடிவதற்குள் முதல் உலகப் போர் மூண்டது, ஆட்டம் பாதியில் நின்றது. ரஷ்யாவிலிருந்து வந்திருந்த அலெகைன் உள்ளிட்டோரை ஜெர்மானியர்கள் பிடித்து வைத்துவிட்டார்கள். அப்போது பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்கு அடுத்தபடியாக மார்ஷல், ரேட்டி ஆகியோருக்குச் சமமான புள்ளிகளோடு ப்ரெயர் நின்றார். வயது 21. ஒரு ஆட்டக்காரர் சர்வதேச மேடையில் ஏறவேண்டிய வயது அது. அடுத்த நான்கு வருஷத்தைப் போர் தின்றுவிட்டது. அவர் பெயர் வெளியே பரவாததற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த நான்கு வருஷமும் புடாபெஸ்ட்டில் செஸ் நிற்கவில்லை. அபோன்யி, பாராஸ், ப்ரெயர் மூவரும் ஒரு வித்தியாசமான யோசனையைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். (போர்டின் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்; இ5 என்றால் இ வரிசையின் ஐந்தாவது கட்டம்.) வெள்ளை ஆடுபவர் தன் ராணி முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார், கருப்பு ஆடுபவர் தன் குதிரையை வெளியே எடுக்கிறார், வெள்ளை சி வரிசைச் சிப்பாயை முன்னே விடுகிறார். உடனே கருப்பு தன் ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை இ5இல் கொண்டுபோய் ‘எடுத்துக்கொள்’ என்று நீட்டுகிறார். இதுதான் புடாபெஸ்ட் கேம்பிட் (கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுத்து ஆடும் முறை). 1896இலேயே மரோட்சி இதை ஒரு ஆட்டத்தில் ஆடியிருந்தாலும், நிமிர்ந்து நிற்கும் ஆயுதமாக ஆக்கியவர்கள் இந்த மூவர். 1918 ஏப்ரலில் பெர்லினில் நால்வர் ஆடிய போட்டி. முதல் சுற்றிலேயே ருபின்ஸ்டீனுக்கு எதிராகக் கருப்பு ஆட வேண்டியிருந்த விட்மர், என்ன ஆடுவது என்று தெரியாமல் அபோன்யியிடம் யோசனை கேட்டார். அவர் காட்டியது இந்த கேம்பிட். அன்றைய உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ருபின்ஸ்டீன் 24 நகர்த்தலில் தோற்றார். விட்மர் அந்தப் போட்டியையும் வென்றார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கருப்பு ராணி இ7இல் நின்று வெள்ளை ராஜாவை நேராகக் குறிவைத்திருக்கும். பி4இல் இருக்கும் பிஷப்பை வெள்ளை ஆசையோடு சிப்பாயால் எடுத்தால், இ5இல் இருக்கும் குதிரை டி3இல் போய் அமர்ந்து செக்மேட் கொடுத்துவிடும். இ2 சிப்பாயால் அந்தக் குதிரையை எடுக்க முடியாது. எடுத்தால் ராணிக்கு முன்னால் ராஜா திறந்துவிடும். ராஜா நகரவும் இடமில்லை, தன் காய்களே சுற்றி அடைத்துக்கொண்டு நிற்கும். எட்டாவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். இதை முதன்முதலாகப் போர்டில் பார்க்கும் பிள்ளை எழுந்து நின்று கத்தாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் ஆட்டத்துக்கு வருகிறேன். 1917, புடாபெஸ்ட். ப்ரெயர் வெள்ளை. எதிரே ஹாலந்துக்காரர் யோஹன்னஸ் எஸ்ஸர். எஸ்ஸர் செஸ்ஸில் மட்டும் பெயர் பெற்றவர் அல்ல. போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குத் தோல் ஒட்டிச் சீரமைத்த அறுவை மருத்துவர், அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். பகலில் அப்படி வேலை பார்க்கும் ஒருவர் செஸ் போர்டில் உட்கார்ந்தார் என்பதே எனக்கு வியப்பு.

பதின்மூன்று நகர்த்தல் முடிந்த நிலை. ப்ரெயர் ஏற்கெனவே ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக எச் வரிசை அவர் யானைக்குத் திறந்திருக்கிறது, ஜி5இல் ஒரு சிப்பாய் முன்னேறி நிற்கிறது. சி3இல் இருக்கும் இன்னொரு குதிரையும் கருப்புக் குதிரையின் தாக்குதலில் இருக்கிறது. இந்த இடத்தில் என் பிள்ளைகளை நிறுத்தி “அடுத்து என்ன?” என்று கேட்பேன். ராணியை ஜி4இல் கொண்டுவா, பிஷப்பால் ஜி6ஐ அடி, யானையால் செக் கொடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ப்ரெயர் ஆடியது ராஜாவை இ1இலிருந்து எஃப்1க்கு. ஒரே ஒரு கட்டம், பக்கவாட்டில். தாக்குதலின் உச்சத்தில் தன் ராஜாவைத் தொட்டு ஒதுக்கி வைக்கிறார்.

காரணம் எட்டு நகர்த்தல் தள்ளி இருக்கிறது. அதன்பின் ராணி ஜி4க்கு வருகிறது, யானை எச்7இல் பலியாகிறது, பிஷப் ஜி6இல் பலியாகிறது, ராணி எச்6இல் போய் நிற்கிறது. 22ஆம் நகர்த்தலில் சிப்பாய் ஜி6க்கு ஏறுகிறது, அடுத்தது எச்7இல் செக்மேட். அந்த நேரத்தில் வெள்ளை ராஜா பழைய இடமான இ1இலேயே இருந்திருந்தால், கருப்பு தன் பிஷப்பை இ7இலிருந்து எச்4க்குத் தூக்கி செக் கொடுக்கலாம். செக் என்பதால் வெள்ளை அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்த ஒரு மூச்சில் கருப்பு ராணி இ7க்கு வந்து எச்7ஐக் காத்துவிடும். அத்தனை பலியும் வீண். ராஜா எஃப்1இல் இருப்பதால் எச்4இல் செக் இல்லை. எஸ்ஸர் யானையை எஃப்7இல் கொண்டுவந்து பார்த்தார், பலனில்லை. 26ஆம் நகர்த்தலில் வெள்ளையின் இன்னொரு பிஷப் எச்6இல் செக் கொடுத்ததும் ஆட்டம் முடிந்தது.

இன்று கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டிவிடும். 1917இல் ஒரு மனிதர், குதிரையை இழந்து உட்கார்ந்துகொண்டு, யானையையும் பிஷப்பையும் இழந்தபின் வரப்போகும் ஒரு செக்கை முன்கூட்டியே பார்த்தார். தமிழில் செஸ் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு நகர்த்தலை மட்டுமாவது எழுதியிருக்க வேண்டாமா?

அப்புறம், பிள்ளைகள் வாயில் வரும் ‘ப்ரெயர்’. ரூய் லோபஸ் ஓபனிங்கில் ஒன்பதாவது நகர்த்தல். சி6இல் நன்றாக நிற்கும் கருப்புக் குதிரை தான் கிளம்பிய பி8க்கே திரும்பிப் போகிறது. “சார், குதிரை ஏன் வீட்டுக்குப் போகுது?” என்று கேட்காத பிள்ளை இல்லை. காய்களை வேகமாக வெளியே கொண்டுவா என்பதுதானே நாம் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம்! ஆனால் குதிரை வழிவிட்டதும் சி சிப்பாய்க்கு நடக்க இடம் கிடைக்கிறது, பி7இல் வரும் பிஷப்புக்குப் பாதை திறக்கிறது, குதிரையும் டி7 வழியாக வந்து இ5 சிப்பாயைத் தாங்குகிறது. இரண்டு நகர்த்தலைச் செலவழித்து நல்ல அமைப்பை வாங்கும் கணக்கு. ப்ரெயர் இதை ஆடிய ஆட்டம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய யோசனை என்ற அளவில்தான் பெயர் நிலைத்தது. ஆனாலும் எப்படி நிலைத்தது பாருங்கள்: ஸ்பாஸ்கியும் கார்போவும் இதைத் தங்கள் ஆயுதமாக வைத்திருந்தார்கள். 1972 ரெய்க்யாவிக் உலக சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்திலும், இருபது வருஷம் கழித்து இருவரும் மீண்டும் மோதிய 1992 முதல் ஆட்டத்திலும் ஃபிஷருக்கு எதிராக ஸ்பாஸ்கி ஆடியது ப்ரெயர்தான். இரண்டிலும் ஃபிஷர் வென்றார். அந்த இரு ஆட்டங்களையும் செஸ் படிப்பவர்கள் இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள்.

ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை இ4இல் வைத்து ஆரம்பித்தாலே வெள்ளையின் ஆட்டம் சாகக் கிடக்கிறது என்று ப்ரெயர் சொன்னதாக ஒரு வாக்கியம் செஸ் உலகில் உலவுகிறது. அதை வைத்தே அவரை ஒரு விசித்திரப் பேர்வழியாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நண்பர் ரேட்டி 1922இல் வெளியிட்ட நூலில் ப்ரெயருக்கு இடம் ஒதுக்கி, புதிய செஸ்ஸின் சிந்தனையாளராக மரியாதையோடு எழுதினார். 1920 டிசம்பரில் பெர்லினில் ஒன்பது சுற்றில் ஆறு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி என்று முதலிடம் பிடித்தவர் ப்ரெயர். அவருக்குக் கீழே நின்றவர்கள் போகோல்யுபோவ், தார்தகோவர், ரேட்டி, மரோட்சி, டாராஷ். உங்கள் கட்டுரை புகழ்ந்த மரோட்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். விசித்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களை முந்த முடியாது.

1921இல் கஷ்ஷா நகரில், இன்றைய ஸ்லோவாக்கியாவின் கோஷித்ஸேவில், போர்டைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் 25 பேருடன் ஆடினார். அதற்கு முன் அத்தனை பேருடன் யாரும் ஆடியதில்லை. ‘செல்லெமி ஷ்போர்ட்’ என்று ஒரு புதிர் இதழையும் நடத்தினார். அதே வருஷம் நவம்பரில் பிராட்டிஸ்லாவாவில் இதய நோயால் இறந்தார். வயது 28. முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பல பத்தாண்டுகள் கழித்து அவர் எச்சங்களை எடுத்துவந்து புடாபெஸ்ட்டின் கெரெபெஷி கல்லறையில் வைத்தார்கள். ஹங்கேரி அவரை மறக்கவில்லை.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் வரும் செஸ் பகுதியில் நம் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆட்டங்களைப் போடுகிறீர்கள். அவை கட்டாயம் வரவேண்டும். பிள்ளைகள் வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். கூடவே மாதம் ஒரு முறையாவது இப்படிப் பெயர் மறைந்துபோன ஒரு பழைய ஆட்டக்காரரின் ஆட்டத்தை, அவர் யார், எந்த ஊர், எப்படி வாழ்ந்தார் என்ற நாலு வரியோடு போடுங்கள். ஓபனிங் பெயர்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்களைக் காட்ட வேறு தமிழ் ஏடு கையில் கிடைப்பதில்லை. முதல் ஆட்டமாக ப்ரெயர் – எஸ்ஸர், 1917ஐ எடுத்துக்கொள்ளலாம். 26 நகர்த்தலையும் தமிழில் எழுதி, 14ஆவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் படமாக வரைந்து, தனித்தாளில் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
திண்டுக்கல்.