பழைய ஜப்பான் கிடாரை விற்கும் முன்

ஐயா,

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களும் சர்ச் பாடகர் குழுக்களும் வாசித்த பழைய ஜப்பான் எலக்ட்ரிக் கிடார்கள் கைமாறும்போது, ஒன்று அடிமாட்டு விலைக்குப் போகின்றன. இல்லையேல் லட்சத்தில் பேசப்படுகின்றன. கையில் இருப்பது எதுவென்று பார்க்காததே இரண்டுக்கும் காரணம்.

தலைப்பகுதியில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். 1970களில் ஒரே ஆலை பல பெயர்களுக்குச் செய்து கொடுத்தது. மத்சுமோட்டோ நகரின் மத்சுமோகு ஆலை ஏரியா, எபிஃபோன் என்ற பிராண்டுகளுக்குச் செய்தது. ஃபுஜிகென் ஆலை ஐபனேஸுக்கும் கிரெக்கோவுக்கும். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதி ஐபனேஸில் வரிசை எண்ணின் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு: ‘சி78’ என்று தொடங்கினால் 1978 மார்ச். ‘ஜேவி’ என்று தொடங்கும் ஃபெண்டர் ஜப்பான் 1982-84 காலத்தது. அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

பல கிடார்களில் எண்ணே இருக்காது. கழுத்துத் தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ மட்டும் இருக்கும். அப்போது கழுத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். முதலில் தந்திகளை முழுக்கத் தளர்த்துங்கள். திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவர் அதில் முழுதாக இறங்காமல் நழுவி, தலையை மழித்துவிடும். ஜேஐஎஸ் முனையே வாங்கிக்கொள்வது நல்லது. கழுத்து உட்காரும் குழியில் பெயின்ட் ஏறாத இடத்தைப் பாருங்கள்: அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், ரேகை தொடர்ந்து ஓடினால் முழு மரம். முத்திரையோ பென்சில் தேதியோ இருந்தால் போட்டோ எடுங்கள், துடைக்காதீர்கள்.

தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பைச் சோதிக்க ஒயரை அறுக்க வேண்டாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் ஒவ்வொரு பிக்கப்பாக மல்டிமீட்டரில் அளக்கலாம். ஒரு சுருள் உள்ள சிங்கிள் காயில் ஏறக்குறைய 5 முதல் 7 கிலோஓம், இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர் 7 முதல் 9. மீட்டர் நூற்றுக்கணக்கான கிலோஓம் காட்டினால் அது வால்யூம் கண்ட்ரோலின் அளவு, காயில் அறுந்திருக்கக்கூடும். அதை மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் தலைமுடி கனமே உள்ள 42 கேஜ் கம்பி.

கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரஸ் ராடு என்ற உலோகக் கம்பியின் நட் இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது. ராடு முறிந்தால் விரல்பலகையைப் பிரிக்க வேண்டிவரும். சாதாரண கிடாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

அமெரிக்க கிடாரின் நகல் என்று வழக்குக்கு உள்ளான ‘லாசூட் கிடார்’ என்று சொல்லி விலை ஏற்றுவதையும் ஏற்காதீர்கள். 1977இல் அமெரிக்க கிடார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின் வழக்குப் போட்டது ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தர் எல்ஜர் மீது மட்டுமே. அதுவும் தலைப்பகுதியின் வடிவத்துக்காக. நகல் கிடார் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

விலைக்கு, அதே மாடல் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். கேட்கும் தொகையை அல்ல. தயவுசெய்து கார் பட்டறையில் டூகோ அடித்துப் புதிதாக்காதீர்கள். பழைய பூச்சு போனால் மதிப்பில் பாதிகூடப் போய்விடும். கழற்றி வைத்த பழைய நாப், பிரிட்ஜ், அறுந்த பிக்கப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கிடாருடன் கொடுங்கள். விவரம் தெரிந்தவர் அதற்கும் சேர்த்து விலை சொல்வார்.

கிடார் பழுதுபார்ப்போர்,
கிருஷ்ணகிரி.