காய் உதிர்க்கும் அத்தி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் மரத்தின் படங்களும் கிடைத்தன. பேத்திக்குக் காது குத்திய சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன்.

உன் சீமை அத்திக்கு வருகிறேன். துருக்கி ரகம் என்று சொல்லித்தான் கன்றைத் தந்தார்கள் என்கிறாய். மரம் தழைத்து நிற்கிறது, காயும் பிடிக்கிறது, ஆனால் கோலிக்குண்டு அளவு வந்ததும் சுருங்கி உதிர்கிறது. எருவை மாற்றினாய், தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாய். நீ நறுக்கி அனுப்பிய காயில் சதையும் இல்லை, விதையும் இல்லை, வெறும் கூடு. எனக்கு என்னவோ மண்ணிலும் உன் கைப்பக்குவத்திலும் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. காட்டு அத்தியின் மகரந்தத்தை அந்த மரத்துக்குச் சுமந்துவர வேண்டிய பூச்சி, அத்திக் குளவி, நம் பக்கத்துத் தோட்டங்களில் இல்லை.

1880-களில் கலிஃபோர்னியாக்காரர்களுக்கு நேர்ந்ததும் இதேதான். ஸ்மிர்னாவிலிருந்து, அதாவது இன்றைய இஸ்மீர் பக்கமிருந்து, உலர் அத்திக்குப் பேர்போன ரகத்தின் குச்சிகளை ஆயிரக்கணக்கில் தருவித்து நட்டார்கள். மரங்கள் செழித்தன, காய்கள் கொட்டின. துருக்கியர் வேண்டுமென்றே உதவாத ரகத்தைத் தலையில் கட்டிவிட்டதாகக்கூடச் சிலர் நினைத்தார்கள். ஸ்மிர்னா விவசாயிகளோ ஒவ்வொரு ஜூன் மாதமும் காட்டு அத்திக் காய்களைக் கோர்த்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கிரேக்க அறிஞர்கள் அரிஸ்டாட்டிலும் தியோஃப்ராஸ்டஸும் எழுதிவைத்த வழக்கம் அது. இருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் படித்த தாவரவியலாளர்களிலேயே சிலர் அதைப் பாமரர் நம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 2,000 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வேலையை விடாமல் செய்பவனிடம், ஏன் செய்கிறாய் என்று உட்கார்ந்து கேட்டிருக்கலாம் இல்லையா?

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் என்பவர் 1890-இல் காட்டு அத்தியின் மகரந்தத்தை எடுத்து, ஸ்மிர்னாக் காயின் நுனித் துளை வழியாகத் தன் கையாலேயே உள்ளே செலுத்திப் பார்த்தார். அந்தக் காய்கள் நின்று பழுத்தன. சந்தேகம் தீர்ந்தது, ஆனால் தோட்டம் முழுக்கக் கையால் செய்ய முடியுமா? அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து பூச்சி குடியிருக்கும் காட்டு அத்திக் காய்களை அனுப்பிவைத்தார். 1899-இல் குளவி ஃபிரெஸ்னோவில் நிலைகொண்டது, காய்களும் உதிராமல் நின்றன. அந்த ரகத்துக்கு அங்கே கலிமிர்னா என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அத்திக்காய் என்பது உள்பக்கம் மடிந்த பூங்கொத்து. பூக்கள் எல்லாம் உட்சுவரில் இருக்கும். வெளியே இருப்பது செதில் மூடிய ஒரு கண் மட்டும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி அந்தக் கண்ணில் நெருக்கிக்கொண்டு நுழையும்போதே சிறகு பிய்ந்துவிடும். காட்டு அத்தியில் பூவின் சூலுக்கு மேலே இருக்கும் சூல்தண்டு குட்டை, அதனால் முட்டையிட முடியும், குஞ்சு வளரும். வளர்ந்த பெண் குளவி வெளியேறும்போது கண்ணருகே இருக்கும் ஆண் பூக்களின் தூள் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குளவி ஸ்மிர்னாக் காய்க்குள் போனால் அங்கே தண்டு நீளம், சூலை எட்டாது. எங்கெங்கோ அலைந்து, தூளை மட்டும் பூக்களில் விட்டுவிட்டு உள்ளேயே செத்துப்போகும். அதற்குச் சந்ததி இல்லை, மரத்துக்கு விதை. இந்தக் கணக்கைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே எனக்கு மனசு கொஞ்சம் கனக்கும்.

வைகைக் கரையில் நாட்டு அத்தி நிறைய உண்டே, அதன் பூச்சி வந்து உதவாதா என்று கேட்டிருக்கிறாய். உதவாது. அதன் குளவி வேறு இனம், வேறு மரத்தைத் தேடிப் போகாது. ஆனால் ஒரு காரியம் செய், பார்க்க வேண்டிய காட்சி. அடிமரத்தில் குலைகுலையாய்க் காய்த்திருப்பதில், செம்மை ஏறத் தொடங்கிய ஒன்றைப் பறித்துக் காலை வெயிலில் மெல்லப் பிட்டுப் பார். சிறகே இல்லாத, மஞ்சளாய், கூனல் விழுந்த ஆண் குளவிகள் முதலில் தென்படும். அவை பெண்ணோடு சேர்வதற்கும், காயின் சுவரைக் குடைந்து வழி திறப்பதற்கும் மட்டுமே பிறந்தவை. கொஞ்ச நேரத்தில் கறுத்த சின்னஞ்சிறு பெண் குளவிகள் உன் விரல்மேல் ஏறி, சிறகை நீவிக்கொண்டு பறந்துபோகும். பேத்தியையும் கூட்டிப்போ, கொட்டாது.

தங்கச்சி விரத நாளில் சீமை அத்தி சாப்பிடலாமா, உள்ளே பூச்சி இருக்குமே என்று கேட்டதற்குப் பதில்: புனே பக்கம் புரந்தரில் விளைந்து நமக்கு வரும் பழம், மகரந்தமே இல்லாமல் தானாகப் பழுக்கும் இனம். குளவி அதற்குத் தேவையே இல்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். ஸ்மிர்னா வகையில் குளவி நுழைவது உண்மை. அத்திப்பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதி உண்டு, செத்த உடல் பெரும்பாலும் அதில் கரைந்துவிடும். பல்லில் நறுநறுவென்று கடிபடுவது விதைதான். அதைச் சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவள் மனசுக்கு விட்டுவிடு.

தானாகப் பழுக்கும் இந்த இனம் பற்றி 2006-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை என்னை வெகுநாள் பிடித்துவைத்திருந்தது. ஜோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கருகிக் கிடைத்த அத்திப் பழங்கள் சுமார் 11,400 ஆண்டு பழையவை, அவற்றின் விதைக்குள் கரு இல்லை. விதையால் பெருகாத மரத்தை யாரோ குச்சி வெட்டி நட்டிருக்க வேண்டும், அப்படியானால் தானியப் பயிருக்கும் முந்தியது அத்தி என்பது அதை எழுதிய கிஸ்லேவ் குழுவினரின் வாதம். காட்டிலேயே அப்படிப்பட்ட மரங்கள் தாமாக முளைத்திருக்கலாமே என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. சேகரித்துத் தின்ற பழத்தை வைத்துக்கொண்டு சாகுபடியை நிரூபிப்பது கடினம்.

உன் மரத்தை வெட்டிவிடாதே. வேர் நல்ல வேர். புனே ரகக் குச்சிக்கு என் பழைய மாணவன் ஒருவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது வந்ததும் ஈரச்சாக்கில் சுற்றிப் பேருந்துப் பார்சலில் போடுகிறேன். பாதியை உன் மரத்திலேயே ஒட்டுக் கட்டு. மீதியைத் தனியே நடு, சீக்கிரம் வேர்விடும். தக்காளி, கத்தரி போட்டிருந்த பாத்தியில் மட்டும் வைக்காதே. வேர்முடிச்சு நூற்புழு அங்கே இருந்தால் அத்தியை விடாது. ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் எழுது, பொங்கலுக்கு வரும்போது நானே கத்தியோடு வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்