மல்லிகாவுக்கு, தண்ணீர் அளவு பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் பேத்தியின் படமும் வந்து சேர்ந்தன. மூக்கு அப்படியே உன் அம்மாவுடையது, சந்தேகமே இல்லை. இங்கே எல்லோரும் சுகம். கேரளத்துப் பாலக்காட்டில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த வருஷமும் மாசி முடியும் முன்பே வெயில் பிடித்துக்கொண்டது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உதடெல்லாம் வெடிக்கிறது. தம்பி எருத்தேம்பதித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டான், அந்தக் கதை பெரிசு, நேரில் சொல்கிறேன்.

நீ கேட்டதில் அவசரமானது குழந்தை விஷயம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவை வெயிலுக்கு நாக்கு வறண்டு போகும், பத்து வாரம்கூட ஆகாத பேத்திக்கு இரண்டு பாலாடை வெந்நீர் கொடுக்கலாம் என்று சம்பந்தியம்மா சொல்வதாக எழுதியிருந்தாய். வேண்டாம், மல்லிகா. ஒரு பாலாடைகூட வேண்டாம். அவர் பிரியத்தில்தான் சொல்கிறார், அவர்கள் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் தாய்ப்பாலில் 100 பங்கில் 87 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை, எப்பேர்ப்பட்ட வெயிலிலும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. அங்கன்வாடியில் இருந்த காலம் முழுக்க நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் இதுதான். அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர் நிறைந்தால் பாலுக்கு இடமில்லை, குழந்தை குறைவாகக் குடித்தால் தாய்க்குப் பால் ஊறுவதும் குறையும். இன்னொன்று பயப்பட வேண்டிய விஷயம்: அந்த வயதில் சிறுநீரகத்துக்குக் கூடுதல் தண்ணீரை வெளியே தள்ளும் சக்தி குறைவு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய்க் குழந்தை துவண்டுவிடும், வலிப்பு வரைக்கும் போகும். தாகமாயிருக்குமோ என்று தோன்றினால் பாலை அடிக்கடி கொடுக்கச் சொல். நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாக மூத்திரம் போகிறது, எடை ஏறுகிறது என்றால் போதிய அளவு கிடைக்கிறது என்று அர்த்தம்.

ஆறு மாதத்துக்கு அப்புறம், சாப்பாடு ஆரம்பித்த பிறகு, டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம். ஒரு வயதுவரை நாளெல்லாம் சேர்த்து 120 முதல் 240 மில்லி போதும்.

அடுத்தது, டாக்டர் எழுதிக்கொடுத்த டப்பா பால். இதில் கண்ணளவு கூடவே கூடாது. நீயும் நானும் சமையலில் கண்ணளவிலேயே காலம் தள்ளினவர்கள், குழம்பில் தண்ணீர் கூடிப்போனால் கொதிக்கவிட்டு வற்றவைத்துக்கொள்வோம். குழந்தை குடித்த பாலை அப்படித் திருத்த முடியாது. இங்கே கிடைக்கிற பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் என்று போட்டிருக்கும், ஆனாலும் உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அந்த டப்பாவுக்குள் இருக்கிற ஸ்பூனைத்தான் போட வேண்டும், வேறு டப்பா ஸ்பூன் ஆகாது, வீட்டு ஸ்பூனும் ஆகாது. அமுக்காமல், குவிக்காமல், கத்தியின் முதுகால் வழித்துவிட்ட மட்ட ஸ்பூன். தண்ணீர்தான் முதலில், பவுடர் பிறகு. பவுடரைப் போட்டுவிட்டு 60 மில்லிக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால் பவுடர் அடைத்துக்கொண்ட இடம் போக உள்ளே போகிற தண்ணீர் 60-க்குக் குறைவு, பால் கெட்டியாகிவிடும். பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்து அளக்காமல் மேசையில் வைத்து, குனிந்து கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்.

கெட்டியாகக் கொடுத்தால் குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கெட்டிப் பாலில் உப்புச் சத்தும் புரதமும் கூடுவதால் அதை வெளியேற்றவே உடம்பில் இருக்கிற தண்ணீர் செலவாகும், குழந்தை வறண்டுபோகும், மலச்சிக்கலும் வரும். நான் இங்கே அதிகம் பார்த்தது அதற்கு நேர் எதிரானது. ஒரு பெண், முதல் பிரசவம், புருஷனுக்குச் சம்பளம் வரும்வரை டப்பா தாங்க வேண்டும் என்று 60 மில்லிக்கு ஒரே ஸ்பூன் போட்டு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வயிறு நிறையக் குடித்தது, தூங்கியது, அழவே இல்லை. எடை அட்டையில் மட்டும் கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தது. அவளை எப்படித் திட்டுவது? டப்பா விலை அப்படி. அன்றைக்கு அவளிடம் மெதுவாகப் பேசி, தாய்ப்பாலை மறுபடி கூட்டுவதற்கு நர்ஸிடம் அழைத்துப் போனோம், குழந்தை தேறிவிட்டது. ஆனால் அழாத குழந்தை நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. உன் மகளிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்: டப்பா சீக்கிரம் தீர்ந்தால் கேட்கட்டும், நீ வாங்கிக் கொடு, தண்ணீர் சேர்த்து நீட்ட வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் பவுடரைப் போட வேண்டும், சூடு 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. பவுடர் பாலில் கிருமியே இருக்காது என்று நினைக்கிறோம், இருக்கலாம், அந்தச் சூட்டில்தான் அது சாகும். பிறகு பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது, குடித்து மிச்சம் வைத்ததை உடனே கொட்டிவிட வேண்டும். பசும்பாலில் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் உங்கள் பக்கமும் உண்டு, ஒரு வயதுக்கு முன் அது வேண்டாம்.

மகள் குழந்தையோடு இங்கே வந்து ஒரு மாதம் தங்கட்டுமா என்று கேட்டாயே, தாராளமாக வரட்டும். பாலுக்கு மட்டும் எங்கள் போர் தண்ணீர் வேண்டாம். சித்தூர் வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கேயும் பலர் நம்புகிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாகிப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சின தண்ணீரில் அவை கூடும், பாதியாக வற்றினால் இரண்டு மடங்கு. நைட்ரேட்டின் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் போனால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். பரிசோதித்துப் பார்த்த குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கொதிக்கவைத்துத் தருகிறேன், அது என் பொறுப்பு.

அளக்கப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் ஊசி இல்லாமல் கேட்டால் தருவார்கள், அதால் பாலாடையை ஒரு தடவை அளந்துவிட்டால் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் சுலபம், 200 கிராம் தண்ணீர் என்றால் 200 மில்லி. உன் வீட்டு எவர்சில்வர் டம்ளரை எல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து இப்படி அளந்து பார், ஒரே மாதிரி தெரிகிற இரண்டு டம்ளர் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று பார்ப்பாய்.

டம்ளர் வித்தியாசம் உயிரை வாங்குகிற இடம் ஒன்று உண்டு, அது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல், ஓ.ஆர்.எஸ். பக்கத்து வீட்டில் பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்று பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்கள், நல்ல வேளையாக நான் அப்போது போனேன். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீரை முழுசாக ஊற்று, பாக்கெட் முழுசையும் போடு, பாதி பாதியாகப் பிரிக்காதே, கலந்த பிறகு கொதிக்கவைக்காதே, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. உப்பும் சர்க்கரையும் அந்த விகிதத்தில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை கூடினால் போக்கும் கூடும். 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதை டிரம்மில் கலந்து வைத்து, பெற்றவர்களையும் கூட இருந்தவர்களையுமே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பேருக்கும் குறைந்தது. சர்க்கரைத் தண்ணீர்தானே என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு இனிப்புப் பானம் விற்றதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தியது, ரொம்ப நல்ல காரியம். உன் பேத்தி வயதுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

சரி, எங்கள் ஊர்ச் சிவப்பு மட்ட அரிசிக்கு வருகிறேன். குக்கரில் ஒன்றுக்கு மூன்று வைத்தும் வேகவில்லை என்று எழுதியிருந்தாய். அது உங்கள் இட்லி அரிசி மாதிரி இல்லை, சிவப்புத் தவிடு மேலே இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கவே நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் ஊறப்போடு, ஒன்றுக்கு நாலரை வை. இல்லாவிட்டால் எங்களை மாதிரிப் பெரிய பானையில் நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு வடித்துவிடு. வடிக்கும்போது அளவே தேவையில்லை, கஞ்சியும் கிடைக்கும். அப்புறம், நாலு பேருக்குச் சரியாக வருகிற சோறு விருந்துக்கு வைத்தால் குழைந்துவிடுகிறது என்றாயே, அதற்குக் காரணம் இருக்கிறது. அரிசி குடிக்கிற தண்ணீர் அரிசியோடு கூடும், ஆனால் ஆவியாகிப் போகிற தண்ணீர் பாத்திரத்தின் வாயையும் மூடியையும் அடுப்பில் இருக்கிற நேரத்தையும் பொறுத்தது, அரிசியை இரண்டு மடங்காக்கினால் அது இரண்டு மடங்கு ஆகாது. அதனால் அரிசியைக் கூட்டும்போது தண்ணீரைக் கொஞ்சம் கைநிறுத்து. பழைய அரிசி என்றால் தாராளமாக, புது அரிசி என்றால் கம்மியாக. நம் அம்மாக்கள் அரிசிக்கு மேலே விரல் கணு வைத்துப் பார்த்தது இந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது, பானை எதுவானாலும் மேலே நிற்கிற தண்ணீர் ஒரு கணு.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் அளவு என்றால் முதலில் மணக்கடவு அணைக்கட்டுதான் ஞாபகம் வரும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அங்கே வந்து சேர வேண்டும், சித்தூர்ப் புழை வயலெல்லாம் அதை நம்பித்தான். கோடை வந்தால் டீக்கடையில் இதுதான் பேச்சு, உங்கள் பொள்ளாச்சிப் பக்கம் அதே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

உன் மகள் நாளுக்கு நாலு லிட்டர் கட்டாயமாகக் குடிக்கிறாள், பால் ஊறும் என்று யாரோ சொன்னார்கள் என்றாய். கட்டாயப்படுத்தி நிறையத் தண்ணீர் குடித்தால் பால் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. பால் கொடுக்கிறவளுக்கு மற்றவர்களைவிட முக்கால் லிட்டர் போல அதிகம் தேவைப்படும், தாகமும் தானாகவே கேட்கும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும், போதும். நாளுக்கு எட்டு டம்ளர் குடிக்க வேண்டும் என்கிற கணக்கு எங்கிருந்து வந்திருக்கலாம் தெரியுமா? 1945-இல் அமெரிக்க உணவுக் குழு ஒன்று நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று அங்கேயே எழுதியதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். நாம் சாப்பிடுகிற சோறு, ரசம், மோர், இங்கே எல்லா வீட்டிலும் வைக்கிற பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீர் எல்லாமே கணக்குதான். மூத்திரம் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி, அடர்ந்து போனால் குடி. வெயிலில் வேலை செய்கிறவர்களும் வயதானவர்களும் தாகத்தை நம்பியிருக்கக் கூடாது, வயதாக ஆகத் தாகம் மங்கிவிடும்.

உன் அம்மா விஷயம் அப்படியில்லை, இதய டாக்டர் ஒன்றேகால் லிட்டர் என்று சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். காலையிலேயே ஒரு பாட்டிலில் ஒன்றேகால் லிட்டர் அளந்து வைத்துவிடு, தண்ணீர் அதிலிருந்துதான். காபி குடித்தால் அந்த டம்ளர் அளவை அதிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடு, ரசம், மோர், கஞ்சிக்கும் அப்படியே. ராத்திரி படுக்கும் முன் ஒரு வாய் மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள், மாத்திரை போட வேண்டுமே. தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவை, இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஏறினாலோ கால் வீங்கினாலோ டாக்டருக்கு ஃபோன் பண்ணு, அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே.

பேத்திக்குப் பத்து வார ஊசி வருகிறதல்லவா, அன்றைக்கு எடை போடுவார்கள். பிறந்த எடை, ஆறு வார எடை, இது, மூன்றையும் எழுதி அனுப்பு, நான் அட்டையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி