‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல் போதாது, டாக்டர்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் போதும், தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு பற்றிப் பத்திரிகைகளில் டாக்டர்கள் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆவி பிடியுங்கள், தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள், எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அந்த நோயாளியின் சீட்டில் டாக்டர் என்ன எழுதித் தருகிறார் என்பதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. நான் பேசக் காரணம் என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனால் அவருடைய சார்ட், அதாவது டாக்டர் எழுதிய மருத்துவக் குறிப்பு, எங்கள் திரைக்கு வரும், அதைப் படித்து நோய்க்கு உரிய ‘கோடு’ (code, குறியீட்டு எண்) போட்டு அனுப்புவோம், அப்புறம்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர் பணம் தருவார்.

அங்கே 2015 அக்டோபர் முதல் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறைதான். அதில் மூக்கு அலர்ஜிக்கு ஜே30 என்று ஒரு குடும்பமே இருக்கிறது. மகரந்தத்தால் வந்தால் ஜே30.1. சாப்பாட்டால் என்றால் ஜே30.5. வீட்டில் வளர்க்கும் பூனை, நாயின் முடியாலும் செதிலாலும் வந்தால் ஜே30.81. தூசுப் பூச்சியால் வருஷம் முழுக்கப் படுத்தினால் ஜே30.89. அலர்ஜியே கிடையாது, ஊதுபத்தி வாசனைக்கும் ஏசி காற்றுக்கும் மூக்கு ஒழுகுகிறது என்றால் அது ஜே30.0, அந்த மூக்குக்கு அலர்ஜி மாத்திரை பெரிதாக வேலை செய்யாது. டாக்டர் காரணத்தை எழுதாமல் விட்டால் மட்டும் ஜே30.9, அதாவது ‘விவரம் இல்லை’.

இதில் ஒரு கறாரான விதி உண்டு. வெளிநோயாளி சார்ட்டில் ‘அலர்ஜியாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால் அலர்ஜி கோடு போடக் கூடாது. தும்மலுக்கு ஆர்06.7, மூக்கடைப்புக்கு ஆர்09.81 என்று அறிகுறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கீழே லெவோசிட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை எழுதியிருக்கிறாரே, அப்படியானால் அலர்ஜிதானே என்று நாமாக முடிவு கட்டினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் டாக்டருக்கே கேள்வி அனுப்ப வேண்டும், அதிலும் பதிலை நாமே ஊட்டிவிடாத மாதிரி கேட்க வேண்டும்.

தொண்டை விஷயம் இன்னும் சிக்கல். மூக்குச் சளி பின்பக்கமாக இறங்கித் தொண்டையை அரிப்பது ஒன்று, நாள்பட்ட தொண்டை அழற்சி வேறு. இறால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு முட்டுவது முற்றிலும் வேறு, அது உயிர் போகிற சமாசாரம். மூன்றுக்கும் கோடு தனித்தனி. நம் ஊரில் மூன்று பேருமே ‘தொண்டை அலர்ஜி’ என்ற ஒரே வரியோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

அமெரிக்க டாக்டர்களை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அவர்கள் விவரமாக எழுதுவது நோயாளி மேல் உள்ள பாசத்தால் அல்ல, எழுதாவிட்டால் காசு வராது. போன விசிட்டில் எழுதியதையே அப்படியே ஒட்டிவிட்டு, சரியாகிப் போன ஜலதோஷத்தை ஆறு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கும் சார்ட்டுகளும் வரத்தான் செய்கின்றன. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவருடைய மூக்கு ஏப்ரல் மாதம் எந்த மர மகரந்தத்துக்குத் தும்முகிறது என்பதுவரை எனக்குத் தெரிகிறது. என் சொந்த அண்ணியின் மூக்கைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒன்றும் இல்லை.

அதன் பலனை அனுபவித்துவிட்டோம். அண்ணிக்குத் தூசி பட்டால் தும்மல், அவ்வளவுதான், இன்ஹேலரைத் தொட்டது கூடக் கிடையாது. நிமோனியா என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அட்மிஷன் எழுதியவர் “முன்பு ஏதாவது அலர்ஜி உண்டா” என்று கேட்டார், “சின்ன வயசிலிருந்தே உண்டு” என்று அண்ணி சொன்னார். கேஸ் ஷீட்டில் அது ‘சிறு வயது முதல் ஆஸ்துமா’ ஆகிவிட்டது. பாலிசி எடுத்து இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. ஆஸ்துமாவை ஏன் மறைத்தீர்கள் என்று இன்சூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள்) மூன்று வருஷம் வரை இருக்கலாம் என்பது 2024-ல் வந்த விதி, ஆகவே அவர்கள் கேட்டதில் தவறில்லை, காகிதத்தில் இருப்பதைத்தானே பார்ப்பார்கள்! பழைய சீட்டுகளைக் காட்டி அது வெறும் மூக்கு அலர்ஜி என்று நிரூபிக்கலாம் என்று தேடினால், எல்லாவற்றிலும் ‘அலர்ஜி’, அதற்கு ஒரு அடிக்கோடு, மான்டெலுகாஸ்ட், லெவோசிட்ரிசின், ஐந்து நாள். கடைசியில் அந்த மருத்துவமனையிலேயே கெஞ்சித் திருத்தக் கடிதம் வாங்கினோம்.

அரசு மருத்துவமனை ஓபியில் வரிசை வாசல் வரை நிற்கும்போது டாக்டர் கோடெல்லாம் போட முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. கூட இரண்டு வரி எழுதினால் போதும். எதனால், எந்த மாதங்களில், வீசிங் உண்டா இல்லையா. மூக்குச் சொட்டு மருந்து விடுகிறவர் என்றால் எத்தனை நாளாக விடுகிறார், ஏனென்றால் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். மருந்து அலர்ஜி என்றால் மருந்தின் பெயரும் என்ன ஆனது என்பதும். ‘பெனிசிலின், உடம்பெல்லாம் தடிப்பு’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

நோயாளிகளும் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை, பில்லைத்தான் வரிக்கு வரி பார்க்கிறோம். கிளம்புவதற்கு முன் ‘முந்தைய நோய்கள்’ என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

உங்கள் பத்திரிகையில் எழுதும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பீர்களா? ஆவி பிடிப்பது எப்படி என்று எழுதும் இடத்தில் ஒரு வாரம், அலர்ஜி நோயாளியின் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிச் சீட்டு போடச் சொல்லுங்கள். வெட்டி எடுத்துக்கொண்டு நாங்கள் டாக்டரிடம் போகிறோம்.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் துறையில் பணிபுரியும் ஒரு வாசகி,
சென்னை